மல்லாந்து ஊரும் புழுக்கள்

எனக்கு ரோஸ்வித்தா காசிஷ்கேயைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் பூசி மெழுகினேன் என்று யாரும் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் அவள் பதினெட்டாம் எண் தோட்டத்தில், நான் பதினேழாம் எண்ணில். நடுவில் ஒரு செடிவேலி. அது ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வளரக் கூடாது என்பது, நிலத்தைத் துண்டு துண்டாக உறுப்பினர்களுக்குக் குத்தகைக்கு விடும் எங்கள் தோட்டச் சங்கத்தின் விதி. என் பக்கம் நாலு விரல் கூடிவிட்டால் போதும், அளவுகோலோடு வந்து நிற்பாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். அளந்து காட்டிவிட்டு, நான் கத்தரியை எடுக்கும்வரை அங்கேயே நிற்பாள். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன் நான். எனக்கு விதி சொல்லித்தர இவள் யார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவேன்.

அவள் குணம் அப்படி ஆனதற்கு அவள் பார்த்த வேலைதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள். பிறவிக்குணம் என்று நான் சொல்வேன். மாக்டபுர்க்குக்கு வெளியே இருந்த சர்க்கரை ஆலையில், வண்டி வண்டியாக வந்து இறங்கும், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கில் நூற்றுக்கு எத்தனை பங்கு மண் என்று பார்த்துக் கழிப்பதுதான் அவளுடைய வேலை. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு கூடை எடுப்பாள். கழுவுவதற்கு முன் ஒரு எடை, கழுவிய பின் ஒரு எடை. இடையில் உள்ளது மண். அந்தப் பங்கு மொத்த வண்டிக்கும் கழியும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, பனியிலும் சேற்றிலும் கிழங்கு கொண்டுவந்த அத்தனை பேரும் அவளைச் சபித்தார்கள். ஒருமுறை ஒருவன் அவள் காலடியில் கிழங்கைத் தூக்கிப் போட்டு, இதில் மண் எங்கே இருக்கிறது காட்டு என்று கத்தினானாம். அவள் சீட்டில் பன்னிரண்டு என்று எழுதிக் கிழித்துக் கையில் கொடுத்தாளாம். இதைச் சொன்னவர்கள் எல்லாருமே அந்தப் பன்னிரண்டு சரியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்கள். அதுதான் எரிச்சல்.

கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்த மறுவருஷம் ஆலையை மூடினார்கள். அவள் புருஷன் மேற்கே வேலை தேடிப் போனான். போனவன் போனவன்தான். அந்த வருஷம்தான் அவள் பதினெட்டாம் எண் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒரு சல்லடை அவளிடம் இருந்தது. தோட்டத்து மண் முழுவதையும் அதில் போட்டுச் சலித்தாள். மூன்று வருஷம் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்காம் வருஷம் அவளுடைய நூல்கோல் ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மூலையில் பலகை அடித்து, இலைதழை மக்கி உரமாவதற்கு மூன்று மக்குக் குவியல் வைத்திருந்தாள். ஒன்று இந்த வருஷத்தது, ஒன்று போன வருஷத்தது, ஒன்று அதற்கும் முந்தையது. அவற்றுக்குப் பக்கத்தில் யாரையும் விடமாட்டாள். வேலிக்கு மேல் நான் எட்டிப் பார்த்தால்கூட முதுகைத் திருப்பிக்கொண்டு மறைத்துக்கொள்வாள். எப்படிச் செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, "கண்ணிருக்கே, பாருங்க," என்று மட்டும் சொன்னாள். அப்படிப்பட்ட வீம்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் யானா நாலு வருஷமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். பதினெட்டு காலியானால் அதை யானாவுக்கு வாங்கிவிடலாம், நடு வேலியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வினை சங்கத் தலைவர் க்ரோபேயின் புல்தரையிலிருந்து வந்தது. க்ரோபே போக்குவரத்துக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாலாம் எண் தோட்டத்தில் புல் என்றால் அப்படி ஒரு புல், மேஜைமேல் விரித்த பச்சைத் துணிதான். வாரம் இரண்டு தடவை வெட்டுவார். ஓரத்தை மண்டியிட்டுக் கத்தரியால் சரிசெய்வார். போன வருஷம் அக்டோபரில் ஒரு காலை அவர் வந்து பார்த்தபோது காகங்கள் பாதிப் புல்லைக் கிழித்துப் போட்டிருந்தன. மீதி பழுத்துக் கிடந்தது, இழுத்தால் போர்வை மாதிரி கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை. விரல் பருமனில், வளைந்து வளைந்து, வெள்ளைப் புழுக்கள் கிடந்தன.

க்ரோபே அழுதார் என்று என் மனைவி சொன்னாள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது, மறுநாள் நுழைவாயில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் ஒட்டிய அறிவிப்பு. புல் வேரைத் தின்னும் மே மாத வண்டின் புழு எங்கள் சங்கத்துக்குள் புகுந்துவிட்டது, வசந்தத்தில் எல்லாத் தோட்டமும் சோதிக்கப்படும், புழு கண்ட இடத்தை அந்தத் தோட்டக்காரர் சொந்தச் செலவில் அழிக்க வேண்டும் என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்தது நான்தான். நான் சங்கச் செயலாளர்.

ஏப்ரலில் பொதுவேலை நாள் வந்தது. வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் சங்கத்துக்காக உழைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வழக்கமாகப் பாதைக்குச் சரளை கொட்டுவோம், பொதுக் கழிப்பறைக்கு வண்ணம் அடிப்போம். இந்தத் தடவை க்ரோபே எல்லோர் கையிலும் மண்வெட்டி கொடுத்து, எல்லா மக்குக் குவியலையும் கிளறச் சொன்னார். மற்றத் தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ கிடைத்தது. பதினெட்டாம் எண்ணில் மூன்றாவது குவியலில் மண்வெட்டியை வைத்ததும், பொலபொலவென்று வெள்ளையாக வந்து விழுந்தன. ஐம்பது வரைக்கும் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

க்ரோபேயின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இங்கேதான் வளர்த்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறாள் என்றார். காசிஷ்கே கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

"இது ரோஜா வண்டோட புழு. வேரைத் தொடாது. மக்குனதைத்தான் தின்னும். மண்வெட்டியை எடுத்துட்டு வெளிய போங்க."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் க்ரோபே.

"பாத்துதான்."

அவ்வளவுதான் சொன்னாள். ரோஜாவில் வந்து உட்காரும் பச்சை மினுமினுப்பு வண்டை எங்களுக்கும் தெரியும். ஆனால் அதன் புழு இப்படி இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. இதுவும் வளைந்து கிடக்கிறது, அதுவும் வளைந்து கிடக்கிறது. நின்று, இதோ பார், காலைப் பார், தலையைப் பார் என்று இரண்டு நிமிஷம் எடுத்துச் சொல்லியிருந்தால் கதையே வேறு. அவள் சொல்ல மாட்டாள். தன் சொல்லே போதும் என்று நினைப்பவள். பன்னிரண்டு என்று எழுதிக் கிழித்துக் கொடுக்கிற அதே புத்தி.

மூன்று குவியலையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று முதல் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. அவள் அசையவில்லை. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் கடிதம் போயிற்று. அதைத் திருப்பி அனுப்பினாள், ஓரத்தில் பென்சிலால் "ரோஜா வண்டு. கொல்வது சட்டப்படி குற்றம்" என்று எழுதி. அந்த வண்டைச் சட்டம் காப்பாற்றுகிறது என்பது உண்மைதான், பிறகு விசாரித்தேன். ஆனால் அது அந்த வண்டாக இருந்தால்தானே என்று க்ரோபே கேட்டார். இரண்டு எச்சரிக்கைக்கும் மசியாதவரின் குத்தகையை ரத்து செய்யலாம் என்பது விதி. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை ஓட்டுக்கு விடுவது என்று முடிவாயிற்று.

க்ரோபே எதையும் முறையாகச் செய்கிறவர். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு நாங்கள் மூன்று பேர், அவரும் நானும் பொருளாளரும், சாட்சிகளாகப் போய் அவள் குவியலிலிருந்து பத்துப் புழுக்களையும், அவருடைய புல்தரையிலிருந்து பத்துப் புழுக்களையும் எடுத்தோம். இரண்டு ஊறுகாய்ப் புட்டிகளில் மண்ணோடு போட்டு, துணியால் வாயைக் கட்டி, எண், தேதி, நேரம் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஒட்டினோம். சாட்சியம் கெட்டுப்போகக் கூடாதல்லவா? சங்க மண்டபத்தில் பீர் வைக்கும் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் கழுத்தில் தொங்கியது. அந்த ஒரு வாரமும் பீர் வேண்டும் என்றால் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

கூட்டத்தன்று நல்ல வெயில். மண்டபம் நிறைந்துவிட்டது. ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக், பெரிய பானையில் காப்பி. காசிஷ்கே கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. அவள் அன்று நல்ல சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தாள். அறுபத்தெட்டு வயதில், கையில் மிஞ்சி இருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

நிகழ்ச்சி நிரலில் அது ஆறாவது. பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தோம். க்ரோபே இரண்டு புட்டிகளையும் கொண்டுவந்து, என் மேஜையில் இரண்டு வெள்ளைத் தட்டுகளில் கொட்டினார். இரண்டிலும் பத்துப் பத்து, உருண்டு, வளைந்து, சலனமில்லாமல் கிடந்தன. இடது தட்டு அவளுடையது, வலது தட்டு அவருடையது. எது எது என்று சீட்டு இல்லாவிட்டால் எனக்கே தெரியாது. எல்லோரும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரெண்டும் ஒண்ணுதானே என்றார்கள்.

காசிஷ்கே முன்னால் வந்தாள். அன்றுதான், இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக, அவள் வாயைத் திறந்து ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னாள். 

"தட்டையான இடத்துல விட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி ஊரும். மே வண்டுப் புழு ஒருக்களிச்சு ஊரும். ஜூன் வண்டுப் புழு குப்புற ஊரும். ரோஜா வண்டுப் புழு மட்டும் மல்லாந்து, முதுகாலதான் ஊரும். வேற எதையும் நீங்க நம்ப வேண்டாம். அதை மட்டும் பாருங்க."

பார்த்தோம். மண்டபமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒன்றும் அசையவில்லை. அவள் விரலால் ஒன்றைத் தொட்டாள். தொட்டவுடன் அவள் முகம் மாறிவிட்டது.

"ஜில்லுன்னு இருக்கு. ஐஸ்பெட்டியிலயா வச்சீங்க?"

"கெட்டுப்போகாம இருக்கணும்ல," என்றார் க்ரோபே.

மண்டபத்தில் சிரிப்பு. அவள், குளிரில் விறைத்துப்போயிருக்கின்றன, அரை மணி நேரம் கொடுங்கள், வெயில் படுகிற இடத்தில் வையுங்கள், தானாக ஊரும் என்று கெஞ்சினாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அளவுகோலோடு வந்து நின்றவள் கெஞ்சுகிறாள். க்ரோபே கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவது பொருளுக்குப் பத்து நிமிஷம், அதில் எட்டு போய்விட்டது, அவளுக்காக நிரலை மாற்றினால் நாளைக்கு ஒவ்வொருவருக்காகவும் மாற்ற வேண்டிவரும் என்றார். யாரோ ஒருவர் வாசல் பக்கமிருந்து அரை மணி கொடுத்தால் என்ன என்று முணுமுணுத்தார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் அவரும் அடங்கிவிட்டார்.

கை தூக்கினார்கள். நான் எண்ணி எழுதினேன். குத்தகையை நவம்பர் இறுதியோடு முடிக்க ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு இரண்டு. முப்பத்தொன்றில் ஒரு கை என்னுடையது.

ஏழாவது பொருள் தண்ணீர்க் குழாய். எட்டாவது கோடை விழா, யார் உருளைக்கிழங்கு சாலட் செய்வது என்று பெரிய சண்டை. காசிஷ்கே போகவில்லை. கடைசி வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டுகளை யாரும் எடுக்கவில்லை. அவை என் மேஜையில், காப்பிப் பானைக்குப் பக்கத்தில், சன்னல் வெயிலில் இருந்தன. ஒன்பதாவது பொருள் "இதர" என்று க்ரோபே அறிவித்தபோது, எனக்கு இடது பக்கம் ஏதோ அசைந்தது.

ஒரு புழு நிமிர்ந்தது. நீட்டிப் படுத்தது. குட்டையான கால்கள் ஆறும் மேலே பார்த்தபடி இருக்க, மல்லாந்தபடியே, முதுகைச் சுருக்கி விரித்து, தட்டின் விளிம்பை நோக்கி ஊர ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று. பிறகு நான்கைந்து. ஒன்று விளிம்பைத் தாண்டி மேஜைத் துணியில் விழுந்து, என் கூட்டக் குறிப்பின்மேலேயே மல்லாந்து போயிற்று. வலது தட்டிலும் அசைவு. அங்கே இருந்தவை எல்லாம் கால் கீழே படக் குப்புற ஊர்ந்தன. மல்லாந்து ஒன்றுகூட இல்லை. மே வண்டும் இல்லை, அது ஜூன் வண்டு. ஒட்ட வெட்டி, தண்ணீர் ஊற்றி வைத்த புல்லில்தான் அது முட்டை போடும் என்று பிறகு படித்தேன்.

முன் வரிசை முழுக்கப் பார்த்தது.  காசிஷ்கே எழுந்து வந்தாள்.

"பாத்தீங்கல்ல?"

க்ரோபேக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆனால் மனிதர் விடவில்லை. "அது ஆறாவது பொருள். ஆறாவது முடிஞ்சு போச்சு. இதரல பேசலாம், ஓட்டு எடுக்க முடியாது. வேணும்னா அடுத்த வருஷக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுங்க."

"அடுத்த வருஷம் நான் உறுப்பினரா இருக்க மாட்டேனே, தலைவரே."

யாரும் சிரிக்கவில்லை.  சிலர் கேக்கைப் பார்த்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். எங்களுக்கு மேலே இருக்கும் வட்டாரச் சங்கத்தில் முறையிடப்போவதாகவும், அங்கே கூட்டக் குறிப்பைத்தான் பார்ப்பார்கள் என்றும் சொன்னாள்.

"செயலாளரே, ஓட்டை மாத்தச் சொல்லல. பாத்ததை மட்டும் எழுதுங்க. உங்க தாள் மேலயே ஊருது."

என் கையில் பேனா இருந்தது. க்ரோபே என்னைப் பார்த்தார். எனக்கு யானாவின் முகம் ஞாபகம் வந்தது. நான் அந்தப் புழுவைத் தாளிலிருந்து விரலால் தள்ளிவிட்டு எழுதினேன்: ஒன்பது, இதர: ஒன்றுமில்லை.

அவள் இடது தட்டிலிருந்த பத்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு காப்பிக் கோப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். சங்கத்துக் கோப்பை. மறுநாள் கழுவி, மண்டபப் படியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

வட்டாரச் சங்கத்துக்கு எழுதினாள். கூட்டக் குறிப்பில் புகாருக்கு ஆதாரமாக எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அதன் நகல் எனக்கும் வந்தது, கோப்பில் வைத்தேன். வழக்குப் போடச் சொல்லி அவளிடம் யாரோ சொன்னார்களாம். கண்ணால் பார்த்தவர்களே பார்க்கவில்லை என்கிற ஊரில் நீதிபதி வந்து எதைப் பார்க்கப்போகிறார் என்று கேட்டாளாம்.

நவம்பர் முழுவதும் அவள் தோட்டத்தைக் காலி செய்தாள். கொட்டகையைப் பிரித்தாள். கண்ணாடிச் சட்டங்களை யாருக்கோ கொடுத்தாள். மக்குக் குவியல் மூன்றையும் கோணிப்பைகளில் அள்ளிக் கைவண்டியில் வைத்து, நாளுக்கு ஐந்தாறு நடை, எங்கேயோ கொண்டுபோனாள். எங்கே என்று கேட்கவும் இல்லை, உதவிக்குப் போகவும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலி அப்போது ஒன்றேகால் மீட்டரைத் தாண்டி வளர்ந்திருந்தது. அவள் அளக்க வரவில்லை.

கடைசி நாள் சாவி வாங்க நான்தான் போக வேண்டும், அது செயலாளர் வேலை. உறைபனி. வெறும் மண் மட்டும் இருந்தது, சலித்த கறுப்பு மண், ஒரு கல் கிடையாது. அவள் இரண்டு சாவியை நீட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் அவள்மேல் கோபம்தான் வந்தது, இவள் ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இத்தனையும் உண்டா என்று. ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, அன்று அவை மல்லாந்துதான் ஊர்ந்தன, நானும் பார்த்தேன் என்று.

"தெரியும்," என்றாள். "ஒரு வாரம் ஐஸ்பெட்டியில கிடந்ததுக்கே அரை மணி சூடு போதுமா இருந்துச்சு. நீங்க அதே ரூம்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தும் அசையல."

நான் சாவி பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை அவள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்தாள்.